ஏணை தானாகத் துள்ளாது

தம்பி,

நேற்றுப் பின்னேரம் மல்வேர்னில் மாமாவின் வீட்டிலிருந்து நீ போன் எடுத்தாய். சாப்பிட்டாயா என்று நான் கேட்பதற்கு முன்னமே உனக்கு வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டாய். "அம்மா, வியாழக்கிழமை அந்தப் பிள்ளைப் பாதுகாப்பு ஒப்பிஸ் பொம்பிளை உங்களோடை கதைக்க வருவா. அந்த ஸ்பிரிங் பிழை எண்டு சொல்லுங்கோ. ஏணை தானா துள்ளினது எண்டு சொல்லுங்கோ. நீங்கள் பிசிக்ஸ் ரீச்சர். நீங்கள் சொன்னா நம்புவினம்." நான் போனை வைத்தேன். கனடாவுக்கு வருவதற்கு முன்னம் நான் யாழ்ப்பாணத்தில் பௌதிகம் படிப்பித்தவள் என்பது உனக்கு இத்தனை காலமும் ஞாபகம் வந்ததே இல்லை. உன் நண்பர்களிடம் "அம்மா ஃபக்டரியில வேலை செய்தவா" என்றுதான் சொல்வாய். அதிலும் வெட்கம் ஒன்றும் இல்லை, பெட்டி கட்டித்தான் உன்னை வளர்த்தேன். ஆனால் ஒரு பொய்க்கு முத்திரை குத்த ஆள் தேவைப்பட்டதும் ரீச்சர் ஞாபகம் வந்துவிட்டாள் பார். போனில் பேசினால் கத்துவேன். ஆகவே எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப்போவதில்லை. மாமா வாசிக்கட்டும், அவருடைய வீட்டார் வாசிக்கட்டும், உன் மனைவி மயூரிக்கு நானே வாசித்துக் காட்டுவேன். நம் வீட்டில் நடந்ததையெல்லாம் மூடி மூடி வைத்தது போதும்.

சனிக்கிழமை மத்தியானம் நடந்ததை முதலில் எழுதிவிடுகிறேன். ஆளுக்கொரு கதை சொல்ல இடம் வைக்கக்கூடாது. நீ மேல்மாடியில் கொம்பியூட்டரில் வேலை ஆட்களோடு கதைத்துக்கொண்டிருந்தாய், சனிக்கிழமையும் உனக்கு வேலை. கீழே ஹாலில், சீலிங்கிலிருந்து ஸ்பிரிங்கில் தொங்கும் சேலைத் தொட்டிலில், அந்த ஏணையில், உன் மகள் நிலா கிடந்தாள். ஐந்து மாதப் பிள்ளை, பல் முளைக்கப் போகிறதோ என்னவோ, விடிந்ததிலிருந்து சிணுங்கல். மயூரி பக்கத்தில் நின்று ஏணையை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தாள். நான் குசினியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டு நின்றேன். அங்கே நின்றால் ஹால் முழுவதும் தெரியும். ஸ்பிரிங் கிறீச் கிறீச் என்றது. மேலேயிருந்து நீ கத்தினாய், பிறகு இன்னொரு முறை கத்தினாய், பிறகு படிகள் அதிர இறங்கி வந்தாய். "ஐ ஆம் ஆன் எ கோல்! உந்தச் சத்தத்தை நிப்பாட்டு எண்டு எத்தினை தரம் சொல்லுறது?" மயூரி உன்னை நிமிர்ந்து பார்த்து, "அப்ப நீங்கள் வந்து ஆட்டுங்கோவன்," என்றாள். அவள் பேசியது அவ்வளவுதான். நீ அவளைத் தோளில் பிடித்துத் தள்ளினாய். சோபாவின் கைப்பிடியில் இடுப்பு மோதி அவள் நிலத்தில் விழுந்தாள். "இந்தா ஆட்டிறன், பார்," என்றாய். குனிந்து ஏணையின் அடியை, பிள்ளையின் முதுகு கிடந்த இடத்தை, பிடித்துக் கீழே இழுத்தாய். பிறகு விட்டாய்.

பிள்ளை மேலே போன வேகத்தை நான் பார்த்தேன். உச்சிக்குப் போனதும் சேலை தளர்ந்துவிட்டது, அவளுடைய உடம்பு சேலையை விட்டுக் கழன்று மேலே எழும்பியது. சேலை இரண்டு பக்கமும் விரிந்து நிற்பதற்காக நடுவில் செருகி வைத்திருக்கும் தடியில் நெற்றி மோதியது. அந்தச் சத்தத்தை எழுத எனக்கு மனம் வரவில்லை. கீழே விழுந்தாள், திரும்பவும் மேலே போனாள், திரும்பவும் விழுந்தாள். நீ கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றாய். ஏணையை நிறுத்தியது மயூரி. விழுந்த இடத்திலிருந்து தவழ்ந்து வந்து, ஆடுகிற ஏணைக்குக் குறுக்கே தன் நெஞ்சைக் கொடுத்து அதை நிறுத்தினாள். நான் குசினியிலிருந்து உன்னை நோக்கி வந்தேன். பாதி வழியில்தான் என் கையில் இன்னும் கத்தி இருக்கிறதைக் கண்டேன். அதை நிலத்தில் எறிந்துவிட்டுப் பிள்ளையிடம் போனேன். இதையும் அந்தப் பெண்ணிடம் சொல்லத்தான் போகிறேன்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். நெற்றி எலும்பில் மயிரிழை அளவுக்கு ஒரு வெடிப்பு. மூளைக்கு ஒன்றும் இல்லை, எலும்பு பொருந்திவிடும் என்று டொக்டர் சொன்னார். எப்படி நடந்தது என்று அவர் கேட்டபோது மயூரி வாயைத் திறப்பதற்கு முன்னால் நீ முந்திக்கொண்டாய். உன் ஆங்கிலம் நல்ல ஆங்கிலம், கோர்வையாகச் சொன்னாய். டொக்டர் உன் முகத்தைப் பார்க்காமல் மயூரியின் இடுப்பைப் பார்த்தார், அவள் நிமிர்ந்து நிற்க முடியாமல் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகுதான் பிள்ளைகளின் பாதுகாப்பைப் பார்க்கிற அலுவலகத்துக்கு அறிவித்தார்கள், உன்னை இப்போதைக்கு வீட்டுக்கு வரவேண்டாம் என்றார்கள். யாரோ உன்னை மாட்டிவிட்டதாக மாமாவிடம் சொல்கிறாயாம். உன்னை யாரும் மாட்டவில்லை.

போன வருடம் இலையுதிர் காலத்தில் அந்த ஏணையைக் கட்டினது நீதான். நிலா வயிற்றில், மயூரிக்கு அப்போது ஆறு மாதம். "ஏணை எல்லாம் என்னத்துக்கு, கிரிப் கட்டில் இருக்குத்தானே," என்று முதலில் சிரித்தாய். ஆனால் ரூஜ் பக்கம் நமக்குத் தெரிந்த வீடுகளிலெல்லாம் பிள்ளைகள் ஏணையில் தூங்குவதைப் பார்த்த பிறகு நீயே என்னை அஜின்கோர்ட் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாய். இரும்பு ஸ்பிரிங்கைக் கையில் எடுத்து இழுத்துப் பார்த்து, "அம்மா, இது மாட்டையும் தாங்கும்," என்றாய். சீலிங்குக்கு உள்ளே மரச்சட்டம் எங்கே ஓடுகிறது என்று கருவி வைத்துத் தேடி, அந்த மரத்தில் கொழுக்கி அடித்தாய். நம் ஆட்கள் பலர் வெறும் சீலிங் அட்டையில் கொழுக்கி அடித்து ஒருநாள் எல்லாம் பொத்தென்று விழ நிற்பார்கள், நீ அந்தப் பிழை விடவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு பிள்ளைக்குப் பதிலாக அரிசிப் பை ஒன்றைத் தொங்கவிட்டுச் சோதித்துப் பார்த்தோம். நான் கன காலத்துக்குப் பிறகு பாடம் எடுத்தேன். பாரத்தைத் தொங்கவிட்டால் ஸ்பிரிங் கொஞ்சம் இறங்கி ஓர் இடத்தில் நிற்கும், அதுதான் நடுநிலை. அதிலிருந்து எவ்வளவு கீழே இழுக்கிறாயோ அவ்வளவுக்கு மேலே போகும், கூடவும் போகாது குறையவும் போகாது. பாரம் கூடினால் மெதுவாக ஆடும். "சின்னதா இழுத்தாலும் பெரிசா இழுத்தாலும் ஒரு சுத்துக்கு ஒரே நேரமோ?" என்று நீ நம்பாமல் கேட்டாய். போனில் நேரம் பார்த்து இருவரும் எண்ணினோம், ஒரே நேரம்தான் வந்தது. மயூரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அன்றைக்கு இன்னொன்றும் சொல்லித் தந்தேன். ஸ்பிரிங் பாரத்தால் முதலில் இறங்கின தூரத்தைவிடக் கூடுதலாக இழுக்கக்கூடாது. அப்படி இழுத்தால் உச்சியில் ஸ்பிரிங் தளர்ந்துவிடும், சேலை தளர்ந்துவிடும், உள்ளே இருப்பது எதுவானாலும் பிடி இல்லாமல் பறக்கும். நீ சும்மா இருந்தாயா? "பாப்பம்," என்று சொல்லி அரிசிப் பையை இழுத்து விட்டாய். பை துள்ளி, தடியில் அடித்து, வெடித்து, ஹால் முழுவதும் அரிசி. சோபாவுக்கு அடியில் எல்லாம் அரிசி. நாம் மூன்று பேரும் சிரித்துச் சிரித்துக் கூட்டினோம். ஆகவே, தம்பி, எனக்குத் தெரியாது என்று நீ சொல்ல முடியாது. பை பறந்ததை உன் கண்ணால் பார்த்தவன் நீ. அதே இடத்தில், அதே கொழுக்கியில், அதே தடிக்குக் கீழே கிடந்த பிள்ளையை நீ இழுத்தாய்.

உன் கையைப் பற்றி எனக்கு நேற்றுத்தான் தெரியவந்தது என்று நான் நடிக்கமாட்டேன். நாம் முன்னே இருந்த டவுன்ஹவுஸ் ஞாபகம் இருக்கிறதா? நீ பத்தாம் வகுப்பில், வீடியோ கேமில் தோற்றதற்குச் சுவரில் குத்தினாய். இந்த நாட்டுச் சுவர்கள் அட்டை, கை உள்ளே போய்விட்டது. நான் தமிழ்க் கடைக் கலண்டரை எடுத்து அந்த ஓட்டைக்கு மேலே தொங்கவிட்டேன். அடுத்த குத்துக்குச் சாமிப் படம். அதற்கடுத்த குத்துக்கு உன்னுடைய பட்டமளிப்புப் படம். வீட்டுக்கு வந்த ஆட்கள் "சுவரெல்லாம் எவ்வளவு அழகா வைச்சிருக்கிறியள் அக்கா" என்பார்கள். அந்த வீட்டை விட்டு வெளிக்கிடும்போது படங்களைக் கழற்றினோம், சுவர் சல்லடையாக இருந்தது. அப்போதும் உன் அப்பாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டுப் பூசுகிறவனைக் கூப்பிட்டோம், உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிறகு மயூரி வந்தாள். முதலில் கோப்பை உடைந்தது. பிறகு அவளுடைய போன் உடைந்தது. பிறகு ஒருநாள் படியில் நீ அவளை இழுத்த இழுவையில் மணிக்கட்டில் எலும்பு உடைந்தது. அவள் ஏஜாக்ஸில் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். மாமா வந்தார், பெரியவர்கள் வந்தார்கள், சமாதானம் பேசினார்கள். "அவன் சின்னப் பெடியன், வேலைக் கஷ்டம், நீ கொஞ்சம் அனுசரிச்சுப் போ பிள்ளை," என்று மாமா சொன்னார். நான் நண்டுக் கறி வைத்து எல்லாருக்கும் சாப்பாடு போட்டேன். மயூரி கட்டுப் போட்ட கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மற்றக் கையால் சாப்பிட்டாள். நண்டை அவளுக்கு உடைத்துக் கொடுத்தது நீ. எல்லாரும் அதைப் பார்த்து உருகிப்போனார்கள். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் நீ பூப்போல இருந்தாய், அழுதாய், அவளுடைய காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்டாய். பெடியன் அடங்கிவிட்டான் என்று மாமா ஊரெல்லாம் போன் எடுத்துச் சொன்னார்.

நான் படிப்பித்த காலத்தில் ஒவ்வொரு வகுப்பிலும் பாதிப்பேர் ஒரே பிழையை விடுவார்கள். ஸ்பிரிங்கில் ஆடும் பாரம் கீழ் முனையில் ஒரு கணம் நிற்கிறது, அங்கே அதன் மேல் எவ்வளவு விசை இருக்கிறது என்று கேட்டால், பூச்சியம் என்று எழுதுவார்கள். நிற்கிறதே, அப்படியென்றால் ஒன்றும் இழுக்கவில்லைத்தானே என்று நினைப்பு. நான் சிவப்புப் பேனையால் வெட்டுவேன். பூச்சியமாக இருப்பது வேகம்தான். விசை எல்லா இடத்தையும்விட அங்கேதான் அதிகம். தூரம் கூடக் கூட மீள்விசையும் கூடும், முனையில்தான் தூரம் அதிகம். ஆயிரம் பிள்ளைகளுக்கு அந்தப் பிழையைத் திருத்திய நான், என் வீட்டில் அதே பிழையை விட்டேன். நீ அழுதுகொண்டு அசையாமல் இருந்த நாட்களை அமைதி என்று நினைத்தேன். நீ முனையில் நின்றிருக்கிறாய், இழுவை முழுவதும் உனக்குள் இருந்திருக்கிறது. நம் வீட்டின் நல்ல நாட்களோ, நடுநிலையைப் பாரம் கடக்கிற மாதிரி, எல்லாவற்றிலும் வேகமாக ஓடிப் போயின. ஒரு பிறந்தநாள், ஒரு பொங்கல், பனியில் நீயும் மயூரியும் கார் துடைத்த ஒரு காலை. அவ்வளவுதான், அடுத்த முனை வந்துவிடும். கோப்பை உடைந்ததற்குப் பிறகும் கை உடைந்ததற்குப் பிறகும் அடுத்த கோபத்துக்கு நீ திரும்பி வர எடுத்த காலம் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஆடுகிற பாரம் நிற்பது உராய்வினால். காற்றோ, தண்ணீரோ, யாருடைய கையோ ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக அதன் சக்தியைப் பிடுங்கவேண்டும். நம் வீட்டில் உன்னை உராய ஒருவரும் இருக்கவில்லை. நாங்கள் எல்லாரும் எண்ணெய்தான் விட்டோம். மாமாவின் சமாதானம் எண்ணெய், என் நண்டுக் கறி எண்ணெய், கலண்டர் எண்ணெய். மயூரியைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்த ஒவ்வொரு முறையும் நீ திரும்பும் நேரம் பார்த்துப் பின்னாலிருந்து ஒரு தள்ளுத் தள்ளிவிட்டோம். சரியான நேரத்தில் தள்ளினால் சின்னத் தள்ளுக்கே வீச்சம் பெரிதாகிக்கொண்டு போகும் என்பதும் நான் கரும்பலகையில் எழுதிப்போட்ட பாடம்தான்.

மாமா இப்போது வேறு பாட்டுப் பாடுகிறார். "அக்கா, நாட்டுப் பிரச்சினைக்குள்ளாலை வந்த குடும்பம், பிள்ளையளுக்கு அந்தத் தாக்கம் இருக்கும்தானே. அப்பிடிச் சொன்னா அவையளும் விளங்கிக்கொள்ளுவினம்." நீ பிறந்தது ஸ்கார்பரோவில் ஓர் ஆஸ்பத்திரியில். உன் வாழ்நாளில் நீ கேட்ட பெரிய வெடி கனடா தினத்து வாணவேடிக்கை. ஷெல் விழுந்தது என் பள்ளிக்கூடத்தில். ஆய்வுகூடத்துக்கு அடுத்த அறையில் விழுந்தது. இந்தப் பாடத்தைத்தான் அன்றைக்கு எடுத்துக்கொண்டிருந்தேன், தாங்கியில் ஸ்பிரிங்கும் படிக்கல்லும் தொங்கிக்கொண்டிருந்தன. சுவர் உள்ளே சரிந்தது. முன் வரிசையில் இருந்த பிள்ளையை நான் இழுத்தபோது கை மட்டும் என்னோடு வந்தது. அவளுடைய பெயரை நான் இந்த வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை, இப்போதும் சொல்லமாட்டேன். அன்றைக்கு என் உடம்புக்குள் புகுந்தது இன்னும் இருக்கிறது. இங்கே பழைய கூரையில் பனி சரிந்து விழுந்தால் நான் மேசைக்கு அடியில் போய்விடுவேன், நீ சிரித்திருக்கிறாய். சனிக்கிழமை கத்தியோடு உன்னை நோக்கி வந்ததும் அதுதான். ஆனால் பாதி வழியில் கத்தியைப் போட்டேன் என்பதைக் கவனி. எனக்கு அடக்க முடிந்தது என்றால் உனக்கும் முடியும். உன் அப்பாவின் குணம் என்று சொல்லவும் வழி இல்லை, கண்மூடும் வரைக்கும், பஸ்ஸில் யாராவது தன் காலை மிதித்தால் தானே "சொறி" என்று மன்னிப்புக் கேட்ட மனிதர் அவர். உன் கோபத்துக்கு முதுசம் தேடாதே. அது உன்னுடைய சொந்தச் சம்பாத்தியம்.

இனி நீ போனில் கேட்டதற்கு வருகிறேன். ஸ்பிரிங் பிழை என்றாய். நான் உன்னை நம்ப ஆசைப்பட்டேன் என்பதை மறைக்கவில்லை. நீ இழுத்ததைக் கண்டேன், ஆனால் எவ்வளவு இழுத்தாய் என்பதில் என் கண்ணையே சந்தேகித்தேன். நீ கொஞ்சம்தான் இழுத்திருப்பாய், பழுதான ஸ்பிரிங் மிச்சத்தைச் செய்திருக்கும், அல்லது கொழுக்கி ஆட்டம் கண்டிருக்கும் என்று என் மனம் சொல்லிக்கொண்டே இருந்தது. பெற்ற மனம் எவ்வளவு மானங்கெட்டது என்று பார். ஆகவே போனை வைத்ததும் அரிசிப் பையை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனேன். மயூரி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் இருந்தாள். "என்ன செய்யிறியள் மாமி?" என்றாள். "சோதிச்சுப் பாக்கிறன்," என்றேன். கொழுக்கியைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தேன், அசையவில்லை. பிள்ளையின் நிறைக்கு அரிசியை அளந்து பையில் கட்டி ஏணைக்குள் போட்டேன். போன வருடம் நாம் பார்த்த அதே அளவுக்குத்தான் இறங்கி நின்றது. மெல்ல இழுத்து விட்டேன், மெல்ல ஆடியது. இன்னும் கொஞ்சம் இழுத்தேன், இன்னும் கொஞ்சம் ஆடியது. சேலை தளரவில்லை, பை அசையாமல் உள்ளே கிடந்தது. சாதாரணமாக ஒரு தகப்பன் கோபத்தில் பிடித்து ஆட்டுகிற அளவுக்கு இழுத்தேன். அப்போதும் பை தடிக்குக் கிட்டவும் போகவில்லை.

இன்னும் இழுக்க எனக்கு ஒரு கை போதவில்லை. முழங்காலில் இருந்தேன். இரண்டு கையாலும் பிடித்து, என் நிறை முழுவதையும் போட்டு, பை நிலத்தைத் தொடும் வரைக்கும் இழுத்தேன். ஸ்பிரிங் முழுப் பலத்தோடு என்னை எதிர்த்தது. தோள்மூட்டு நொந்தது. அப்படிப் பிடித்துக்கொண்டிருந்தபோது எனக்கு விளங்கியது, தம்பி. இது கண்மூடித் திறப்பதற்குள் கை தவறிச் செய்கிற வேலை இல்லை. இழுக்க இழுக்க ஸ்பிரிங் "விடு விடு" என்று உன் கையைப் பிடுங்கியிருக்கும். ஒவ்வோர் அங்குலத்திலும் முன்னதைவிடக் கூடுதலாக நீ பலம் போட்டிருக்கவேண்டும். உன் முகத்துக்கு நேரே பிள்ளையின் முகம் இருந்திருக்கும். அவள் உன்னைப் பார்த்திருப்பாள், உன்னைக் கண்டால் எப்போதும் சிரிக்கிற பிள்ளை. நிறுத்த உனக்கு நேரம் இருந்தது. நான் கையை விட்டேன். பை துள்ளித் தடியில் அடித்தது. மயூரி பிள்ளையின் தலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள், நானும் நிலத்தில் இருந்தபடியே அழுதேன். ஸ்பிரிங்கில் ஒரு பிழையும் இல்லை. நீ கொடுத்ததைத்தான் அது திருப்பிக் கொடுத்தது. அதை விற்ற கடைக்காரனின் தலையில் பழியைப் போட என்னால் முடியாது.

ஸ்பிரிங்கைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டேன், ஆனால் நீ ஸ்பிரிங் இல்லை. ஸ்பிரிங்குக்கு வேறு வழி கிடையாது, இழுத்தால் இழுபடும், விட்டால் ஓடும். உன்னிடம் எனக்குள்ள கோபமே உனக்கு வேறு வழி இருந்தது என்பதுதான். படி ஏறி மேலே போயிருக்கலாம். வாசலைத் திறந்து வெளியில் போய் நின்றிருக்கலாம். இன்னும் ஒரு சுவரைக் குத்தியிருந்தால்கூட நான் உனக்கு இந்தக் கடிதம் எழுதியிருக்கமாட்டேன், அதுவும் என் முட்டாள்தனம்தான். இனியாவது செய்யவேண்டியதைக் கேள். மாமாவின் வீட்டில் இருந்துகொண்டு அவர் போடுகிற சோற்றையும் ஆறுதலையும் சாப்பிட்டுக்கொண்டிருக்காதே. தனியாக ஓர் அறை எடு. கோபத்துக்கு வகுப்பு வைக்கிறார்கள், போ. அங்கே தமிழில் நடந்தாலும் ஆங்கிலத்தில் நடந்தாலும் வாயைத் திறந்து நடந்ததைச் சொல். மயூரிக்குப் போன் எடுத்து அழாதே. உன் அழுகை அவளுக்கு நன்றாகப் பழகிவிட்டது, அதற்குப் பிறகு என்ன வரும் என்பதும் பழகிவிட்டது. அவளைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி இந்த முறை ஒருவரும் ஏஜாக்ஸுக்குப் போகமாட்டார்கள். அவள் இந்த வீட்டில்தான் இருப்பாள், நான் அவளோடு இருப்பேன். மாமா கதவைத் தட்டினால் தேத்தண்ணி கொடுத்து அனுப்புவேன், கதை கேட்கமாட்டேன்.

இவ்வளவையும் நேற்று எழுதி வைத்தேன். இன்று வியாழக்கிழமை. அந்தப் பெண் வந்து போய்விட்டாள்.

சின்ன வயதுதான், உன்னைவிட இளையவள். சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக ஒதுக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தாள். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமா என்று கேட்டாள், வேண்டாம் என்றேன். மயூரி என் முகத்தைப் பார்க்கவில்லை. காலையிலிருந்தே அவள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கடிதத்தை இன்னும் அவளுக்கு நான் வாசித்துக் காட்டியிருக்கவில்லை. நான் உன்னுடைய தாய் என்பது அவளுக்குத் தெரியும், அதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் நிச்சயமில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேலே போக எழும்பினாள். "இரு பிள்ளை," என்றேன். "நீயும் கேள்."

அந்தப் பெண் முதலில் வீட்டைப் பற்றிக் கேட்டாள், பிள்ளையின் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாள். பிறகு ஏணை இருந்த இடத்தைப் பார்த்தாள், ஸ்பிரிங்கைக் காட்டச் சொன்னாள். இது தானாகத் துள்ளுமா என்று கேட்டாள். துள்ளாது என்றேன். அப்படியென்றால் என்ன நடந்தது, யார் இழுத்தது என்று கேட்டாள். ஆங்கிலத்தில் அது இரண்டு சொல், தமிழிலும் இரண்டுதான். என் மகன் என்றேன். எப்படி இழுத்தாய் என்று முழங்காலில் இருந்து செய்து காட்டினேன். கத்தியைப் பற்றியும் சொன்னேன். சுவர்களைப் பற்றியும், படியைப் பற்றியும், நண்டுக் கறியைப் பற்றியும் சொன்னேன். மயூரி மற்றப் பக்கம் திரும்பி நின்றாள், அவளுடைய முதுகு குலுங்கியது. அந்தப் பெண் எழுதிக்கொண்டே வந்தவள் ஓர் இடத்தில் நிறுத்தினாள். நம்முடைய பெயர்கள் நீளமல்லவா, பிழையாக எழுதிவிடக்கூடாது என்று நினைத்தாள்போல. உங்கள் மகனின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லமுடியுமா என்று மரியாதையாகக் கேட்டாள்.

உனக்கு அந்தப் பெயரை வைத்தவள் நான், தம்பி. ஓர் எழுத்தும் விடாமல் சொல்லிக்கொடுத்தேன்.

அம்மா